வறண்ட நாட்டில் நிலமும் உடையும் வீடும்: ஓமன் வழியாக ஓர் அறிமுகம்

பாலைவன நாடு என்றதும் மணற்குன்றுகளும் ஒட்டக வரிசையும்தான் பெரும்பாலோர் மனத்தில் தோன்றும். ஓமனின் தலைநகரான மஸ்கட்டில் முதன்முறையாக இறங்குபவர் காணும் காட்சி முற்றிலும் வேறானது. ஒரு பக்கம் கடலும், மறுபக்கம் ஒரு செடிகூட இல்லாத கருஞ்செம்பழுப்பு மலைகளும், இரண்டுக்கும் நடுவே வெள்ளையும் வெளிர்மஞ்சளுமாகத் தாழ்ந்து பரந்த கட்டடங்களும் இருக்கும். ஒரு மணல்மேட்டைக்கூடப் பார்க்காமல் இந்த நாட்டில் பல நாட்கள் பயணம் செய்ய முடியும். நான் அங்கு சென்றபோது நிலத்தையும் மக்களின் உடையையும் கட்டடங்களையும் முதலில் தனித்தனி வியப்புகளாகவே குறித்துக்கொண்டேன். அவை மூன்றும் தண்ணீர், வெயில், இரவின் குளிர்ச்சி ஆகிய மூன்று காரணங்களால் ஒன்றோடொன்று பின்னப்பட்டவை என்பது ஊர் ஊராகச் செல்லச் செல்லத்தான் தெளிவாயிற்று. அந்தப் பின்னலை முதன்முறையாக அறிய விரும்புவோருக்காக இதை எழுதுகிறேன்.

ஒரு நிலத்தைப் பாலைவனம் என்று வகைப்படுத்துவதற்கு மணல் அளவுகோல் அன்று. ஆண்டுக்கு 250 மில்லிமீட்டருக்கும் குறைவாக மழை பெய்து, பெய்யும் மழையைவிட ஆவியாகக்கூடிய நீரின் அளவு மிக அதிகமாக இருக்கும் நிலத்தைப் பொதுவாகப் பாலைவனம் என்கிறார்கள். சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக 1,300 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்கிறது. மஸ்கட்டில் ஏறக்குறைய 100 மில்லிமீட்டர்தான். ஓமனின் பரப்பு சுமார் 3,09,500 சதுர கிலோமீட்டர், அதாவது தமிழ்நாட்டைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். அதில் பெரும்பகுதி சரளைக்கல் சமவெளி. நாம் கற்பனை செய்யும் மணற்கடல் இரண்டு இடங்களில் இருக்கிறது. ஒன்று, சவூதி அரேபியாவோடும் ஏமனோடும் ஐக்கிய அரபு அமீரகத்தோடும் ஓமன் பகிர்ந்துகொள்ளும் ருப் அல் காலி. மற்றொன்று, மஸ்கட்டுக்குத் தெற்கே வடக்குத் தெற்காக ஏறத்தாழ 180 கிலோமீட்டர் நீளும் ஷர்கியா மணற்பரப்பு. வஹீபா மணல் என்ற பழைய பெயரால்தான் பலர் இதை அறிவார்கள். அங்குள்ள மணற்குன்றுகள் சில இடங்களில் 100 மீட்டர் உயரம் வரை எழுகின்றன, மாலை வெயிலில் அவற்றின் நிறம் மாறுவதைப் பார்க்க வேண்டியதுதான். ஆனாலும் ஓமனைப் புரிந்துகொள்ள விரும்புபவர் மணலைவிட மலையைப் பார்ப்பதில் அதிக நேரம் செலவிட வேண்டும் என்றே நான் கருதுகிறேன்.

வடக்கே வில்லாக வளைந்து செல்லும் ஹஜர் மலைத்தொடரில் இரண்டு வகைப் பாறைகளை வெறும் கண்ணாலேயே பிரித்தறியலாம். சாம்பல் நிறத்தில் அடுக்கடுக்காகத் தெரிவது சுண்ணாம்புக்கல். சுமார் 3,000 மீட்டர் உயரமுள்ள ஜபல் ஷம்ஸ் சிகரமும், அதன் காலடியில் செங்குத்தாகப் பிளந்து கிடக்கும் பெரும் பள்ளத்தாக்கும் இந்த வகையைச் சேர்ந்தவை. கரும்பழுப்பாக, கூர்மையாக, நொறுங்கிக் கிடப்பதுபோல் தெரியும் மற்றொரு வகை உலகப் புகழ்பெற்றது. ஏறத்தாழ ஒன்பதரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரு பெருங்கடலின் அடித்தளமாக உருவான பாறை அது. வழக்கமாகக் கடலடித் தட்டு கண்டத்தட்டின் கீழ் அமிழ்ந்துவிடும். இங்கே அது அமிழாமல் அரேபியக் கண்டத்தின் விளிம்பின்மேல் ஏறிப் படிந்துவிட்டது. கடலடியின் மேலோடும், அதற்கும் கீழே பூமியின் கவசப் பகுதியில் இருந்த பாறையும் இப்படி வெளியில் கிடப்பதால், உலகின் பல நாடுகளிலிருந்து நிலவியலாளர்கள் இங்கே வந்து ஆராய்கிறார்கள். அந்தப் பாறையில் செம்பும் இருந்தது. மெசொப்பொத்தேமியாவின் களிமண் ஏடுகள் செம்பு தரும் நாடாகக் குறிப்பிடும் மகன் என்னும் நாடு, இந்த ஓமன் தீபகற்பம்தான் என்பதே ஆய்வாளர்களின் பொதுவான கருத்து. நெடுஞ்சாலையில் செல்லும்போது அழகற்ற வெறுங்கல் என்று தோன்றும் மலைக்கு இவ்வளவு பழைய கதை இருப்பதை அறிந்த பிறகு, வண்டியின் கண்ணாடிக்கு வெளியே தெரியும் காட்சியே எனக்கு வேறாகிவிட்டது.

மலைகளில் மண்போர்வை மிகக் குறைவு. ஆகவே அபூர்வமாகப் பெய்யும் மழை ஊறுவதற்கு இடமின்றிப் பாறையில் வழிந்து, வாதி எனப்படும் வறண்ட ஆற்றுப்படுகைகளில் சில நிமிடங்களில் பெருவெள்ளமாகிவிடுகிறது. ஆண்டில் பெரும்பகுதி கூழாங்கற்களாகக் கிடக்கும் அந்தப் படுகையைச் சாலை கடக்கும் இடங்களில், நீரின் ஆழத்தைக் காட்ட வண்ணம் தீட்டிய கம்பங்களை நட்டிருக்கிறார்கள். தண்ணீரே இல்லாத இடத்தில் வெள்ள எச்சரிக்கை எதற்கு என்று புதியவருக்குத் தோன்றும். வானம் தெளிவாக இருக்கும்போதே மலைக்கு மேலே எங்கோ பெய்த மழை கீழே வந்து வாகனங்களை அடித்துச் சென்ற நிகழ்வுகள் அங்கே உண்டு. 2007-ஆம் ஆண்டு கோனு புயலும் 2021-ஆம் ஆண்டு ஷாஹீன் புயலும் ஏற்படுத்திய சேதத்தில் இந்த வாதி வெள்ளத்தின் பங்கு பெரிது. ஆனால் அதே வெள்ளத்தில் ஒரு பகுதி கூழாங்கற்படுகைக்குள் இறங்கி நிலத்தடி நீராகத் தங்குகிறது. ஓமனின் உள்நாட்டு வாழ்க்கை முழுவதும் அந்த மறைந்த நீரை நம்பியே வளர்ந்தது.

அந்த நீரை ஊருக்குக் கொண்டுவரும் கால்வாய் முறைக்கு ஃபலஜ் என்று பெயர். மலையடிவாரத்தில் நிலத்தடி நீர் கிடைக்கும் இடத்தில் தாய்க்கிணறு ஒன்றைத் தோண்டி, அங்கிருந்து மிக மெல்லிய சரிவோடு நிலத்துக்கு அடியில் சுரங்கம் வெட்டி, பல கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஊரில் நீர் தானாகவே தரைமட்டத்துக்கு வெளிவரும்படி செய்வது இதன் ஒரு வகை. எந்திரமும் இல்லை, இறைக்கும் மாடும் இல்லை. சரிவைச் சரியாகக் கணித்த மனிதக் கண்ணே அதன் விசை. சுரங்கத்தைப் பராமரிக்க இறங்குவதற்காக இடைவெளி விட்டுத் தோண்டிய குழிகளின் வரிசையைச் சமவெளியில் இன்றும் காணலாம். வாதியின் ஓடுநீரைத் திருப்பிக் கொண்டுவரும் வகையும், ஊற்றிலிருந்து தொடங்கும் வகையும் வேறாக உண்டு. சில இடங்களில் கால்வாய் ஒரு வாதியைக் குறுக்கே கடக்க வேண்டியிருந்தால், ஒரு பக்கத்தில் நீரைக் கிணறுபோல் கீழே இறக்கி, படுகைக்கு அடியில் செலுத்தி, மறுபக்கத்தில் அதே அழுத்தத்தால் மேலே எழச் செய்திருக்கிறார்கள். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ஃபலஜ்கள் நாட்டில் இன்றும் பயன்பாட்டில் இருக்கின்றன. அவற்றுள் ஐந்தை 2006-ஆம் ஆண்டு யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. உள்நாட்டு நகரமான நிஸ்வாவுக்கு அருகில் உள்ள பிர்கத் அல் மவுஸ் என்ற ஊரில் அந்த ஐந்தில் ஒன்றான ஃபலஜ் அல் கத்மீனின் ஓரமாகவே நடந்து செல்லலாம்.

பொறியியலைவிட என்னை அதிகம் ஈர்த்தது அந்த நீரைப் பங்கிடும் ஒழுங்கு. ஊருக்குள் நுழையும் முதல் இடத்தில் குடிநீர் எடுக்க வேண்டும். அதற்குக் கீழேதான் தொழுகைக்கு முன் உடல் தூய்மை செய்வதும், குளிப்பதும், துவைப்பதும். அதன் பிறகே வயல். வயலிலும் பேரீச்சை மரங்களுக்கே முதலிடம். பருவப் பயிர்களுக்கு உரிய நிலம் கடைசியில் இருக்கும். வறட்சி ஆண்டில் அந்த நிலத்தைத் தரிசாக விட்டுவிட்டு மரங்களைக் காப்பாற்றுவார்கள், ஏனெனில் ஒரு பேரீச்சையை மீண்டும் வளர்த்துக் காய்ப்புக்குக் கொண்டுவரப் பல ஆண்டுகள் ஆகும். பங்கை அளப்பது நேரத்தால். அதர் எனப்படும் ஒரு பங்கு ஏறத்தாழ அரைமணி நேர ஓட்டம். பகலில் நட்டுவைத்த கம்பத்தின் நிழலையும் இரவில் குறிப்பிட்ட விண்மீன்களின் எழுச்சியையும் வைத்து அந்த நேரத்தைக் கணக்கிட்டார்கள். ஃபலஜுக்கென்றே ஒதுக்கிய பங்குகளை ஏலம் விட்டுக் கிடைக்கும் பணத்தில் கால்வாயைப் பழுதுபார்த்தார்கள். ஓர் ஊர் எங்கே அமைய வேண்டும், அதில் எத்தனை பேர் வாழ முடியும், மசூதி எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்பன எல்லாம் இந்த ஓடையின் போக்கைச் சார்ந்திருந்தன.

இப்போது வீடுகளுக்கு வரலாம். அல் ஹம்ரா, மிஸ்ஃபாத் அல் அப்ரியீன் போன்ற உள்நாட்டு ஊர்களின் பழைய குடியிருப்புகள் பேரீச்சைத் தோட்டத்தை விட்டு விலகி, பாறைச் சரிவில் ஒட்டிக்கொண்டு நிற்கும். நீர் பாயும் நிலம் விலைமதிப்பற்றது. அதில் ஒரு முழம்கூட வீட்டுக்குச் செலவிடக் கூடாது. கல் அடித்தளத்தின்மேல் சுடாத மண்செங்கல்லை வைத்து எழுப்பிய சுவர்கள் மிகத் தடிமனானவை. தடித்த மண் வெப்பத்தை மெதுவாக உள்வாங்கும். பகல் வெயில் சுவரைத் துளைத்து உள்ளறையை அடையும்போது பொழுது சாய்ந்திருக்கும். உள்நாட்டில் வானம் தெளிவாகவும் காற்று உலர்வாகவும் இருப்பதால், சூரியன் மறைந்ததும் நிலம் விரைவாகக் குளிர்கிறது. சுவர் இரவில் தன் வெப்பத்தை வெளியேற்றிவிட்டு மறுநாளுக்குத் தயாராகிவிடும். கோடை இரவுகளில் மக்கள் மாடியில் படுத்தார்கள். தெருக்களைக் கைநீட்டினால் இரு சுவரையும் தொடும் அளவுக்குக் குறுகலாக விட்டார்கள். சில இடங்களில் தெருவுக்கு மேலேயே அறை கட்டி அடியில் நிழற்பாதை அமைத்தார்கள். கூரைக்குப் பேரீச்சை மரத்தின் தண்டைத்தான் உத்தரமாக இட்டார்கள். அந்தத் தண்டு அதிக நீளத்துக்குப் பாரம் தாங்காது என்பதால் அறைகள் ஏறத்தாழ மூன்று மீட்டர் அகலத்துக்குள் அடங்கி நீண்டு போகும். ஒரு மரத்தின் வலிமை ஒரு நாட்டின் அறைகளுக்கு அளவு வகுத்தது என்பதை எண்ணும்போது எனக்கு இன்றும் வியப்பு குறையவில்லை.

ஆனால் தடித்த மண்சுவர் எல்லா வெப்பநாட்டுக்கும் ஏற்ற மருந்து என்று தொடக்கநிலை வாசகர் முடிவுசெய்துவிடக் கூடாது. இரவு குளிர்ந்தால்தான் அது பயன்படும். ஓமன் கடற்கரையில் கோடை இரவு குளிர்வதே இல்லை. மஸ்கட்டுக்குத் தென்கிழக்கே உள்ள குரையாத் என்ற கடலோர ஊரில் 2018-ஆம் ஆண்டு ஜூன் 26 அன்று வெப்பம் 42.6 பாகை செல்சியஸுக்குக் கீழே இறங்கவே இல்லை. ஒரு நாளின் மிகக் குறைந்த வெப்பநிலை இவ்வளவு உயர்வாகப் பதிவானது உலகிலேயே அப்போதுதான். இத்தகைய இடத்தில் பகல் வெப்பத்தைத் தேக்கிவைத்த சுவர் இரவு முழுவதும் உள்ளே இருப்பவரை வாட்டும். போதாக்குறைக்குக் கடலின் ஈரக்காற்று வியர்வையை உலரவிடாது. ஆகவே பாத்தினா கடற்கரையில் வாழ்ந்த மீனவரும் உழவரும் பேரீச்சை மட்டைகளை நெருக்கிக் கட்டிய, காற்று ஊடுருவிச் செல்லும் வீடுகளில் கோடையைக் கழித்தார்கள். வசதி உள்ளவர்கள் பேரீச்சை பழுக்கும் மாதங்களில் உள்நாட்டுத் தோட்டங்களுக்குக் குடிபெயர்ந்தார்கள். ஒரே மரம் உள்நாட்டில் உத்தரமாகவும் கடற்கரையில் சுவராகவும் பயன்பட்டது.

ஊரைக் காத்த கோட்டைகளிலும் இதே மண்ணும் மரமும்தான். பஹ்லா கோட்டை மண்செங்கல் கட்டுமானத்தின் பெருமித வடிவம். 1987-இல் அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தார்கள். அடுத்த ஆண்டே அழிவை எதிர்நோக்கும் சின்னங்களின் பட்டியலில் சேர்ந்து, நீண்ட சீரமைப்புக்குப் பிறகு 2004-இல்தான் அது அதிலிருந்து வெளிவந்தது. நிஸ்வாவின் வட்டக் கோபுரத்தை 17-ஆம் நூற்றாண்டின் நடுவில், அந்நாளில் நாட்டை ஆண்ட இமாம் சுல்தான் பின் சைஃப் அல் யாரூபி எழுப்பினார். பீரங்கிக் காலத்துக்கு ஏற்ப அதன் கீழ்ப்பாதியை மண்ணாலும் கல்லாலும் நிரப்பித் திண்மையாக்கினார்கள். கோட்டைக்குள் பேரீச்சை சேமிக்கும் அறையில் தரை முழுவதும் சிறு வாய்க்கால்கள் ஓடும். மூட்டைகளை அடுக்கினால் அவற்றின் பாரத்தாலேயே கசியும் பாகு அந்த வாய்க்கால்கள் வழியே ஓர் இடத்தில் சேரும். முற்றுகைக் காலத்தில் அந்தப் பாகைக் கொதிக்கவைத்து வாயிலுக்கு மேலுள்ள துளைகள் வழியாகப் பகைவர்மேல் ஊற்றினார்கள். எனக்கு மிகவும் பிடித்தது ஜப்ரீன். அது போருக்காக என்பதைவிட வாழ்வதற்காகவும் கற்பதற்காகவும் கட்டிய மாளிகை. 1670-களில் இமாம் பில்அரப் பின் சுல்தான் கட்டிய அதன் மரக்கூரைகளில் பூவேலை ஓவியங்கள் இன்னும் நிறம் மங்காமல் இருக்கின்றன. சூரியசந்திர மண்டபம் எனப்படும் அறையில் பதினான்கு சாளரங்கள் மேலும் கீழுமாக இரண்டு வரிசையில் உள்ளன. கீழ்ச்சாளரம் வழியே குளிர்ந்த காற்று நுழைய, சூடான காற்று மேலே எழுந்து மேற்சாளரம் வழியே வெளியேறும். நண்பகலில் அந்த அறையில் தரையில் அமர்ந்தால் இந்த விளக்கம் தேவையே இல்லை என்று தோன்றும்.

இக்காலக் கட்டடங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 1970-இல் சுல்தான் காபூஸ் ஆட்சிக்கு வந்தபோது நாட்டில் சுமார் பத்துக் கிலோமீட்டர் தார்ச்சாலைதான் இருந்தது. எண்ணெய் வருவாயால் எல்லாம் வேகமாக மாறியபோதும், மஸ்கட்டில் உயரத்துக்கும் நிறத்துக்கும் கட்டுப்பாடு விதித்தார்கள். கண்ணாடிக் கோபுரங்கள் எழாமல், வெளிர்நிறச் சுவரும் வளைவும் கொண்ட தாழ்ந்த நகரமாக அது நிலைத்தது. மலையின் விளிம்புக்கோடு இன்றும் நகரின் எல்லா இடங்களிலிருந்தும் தெரிகிறது. 2001-இல் திறந்த சுல்தான் காபூஸ் பெருமசூதிக்கு மூன்று லட்சம் டன் இந்திய மணற்கல் கொண்டுவரப்பட்டது. அதன் தொழுகைக் கூடத்தில் விரித்துள்ள ஒரே கம்பளம் 70 மீட்டர் நீளமும் 60 மீட்டர் அகலமும் உடையது. ஈரானிய நெசவாளர்கள் அதில் 170 கோடி முடிச்சுகளை இட்டார்கள். ஆனால் ஓமனியரில் பலர் பின்பற்றும் இபாதி என்னும் இஸ்லாமிய மரபின் பழைய ஊர்ப் பள்ளிவாசல்களில் உயர்ந்த மினார்கூட இராது. எளிமையே அவற்றின் அழகு.

உடையிலும் இதே அறிவைக் காணலாம். ஓமன் ஆண்கள் அணியும் திஷ்தாஷா, கழுத்துப்பட்டை இல்லாமல் கணுக்கால் வரை தொங்கும் தளர்ந்த அங்கி. கழுத்தோரத்தில் ஒரு சிறு குஞ்சம் தொங்கும். அதில் நறுமணத் தைலத்தைத் தோய்ப்பது வழக்கம். சவூதி அரேபியரின் அங்கியிலிருந்து இதைப் பிரித்தறிய அந்தக் குஞ்சம் ஓர் எளிய அடையாளம். அலுவலகத்தில் வெள்ளை நிறமே மரபு. மற்ற வேளைகளில் மணல் நிறம், வெளிர்நீலம், பழுப்பு என்று பலவும் அணிவார்கள். உடலை இவ்வளவு மூடினால் புழுங்காதா என்று கேட்கலாம். வெயிலில் தோலை நேராகச் சுடும் கதிரைத் துணி தடுக்கிறது. தளர்ந்த துணிக்கும் உடலுக்கும் இடையே காற்று கீழிருந்து மேலாக ஓடுகிறது. மண்பானையின் மேல் கசியும் நீர் ஆவியாகி உள்ளிருக்கும் தண்ணீரைக் குளிர்விப்பதுபோல், வியர்வை உலர்ந்து உடலைக் குளிர்விக்கிறது. பெண்கள் வெளியே செல்லும்போது அணியும் கறுப்பு அபாயாவைப் பற்றியும் இதே ஐயம் எழும். 1980-இல் நேச்சர் ஆய்விதழில் வெளியான ஒரு கட்டுரை, பாலைவன நாடோடிகளான பெதூவின் மக்களின் கறுப்பு அங்கியை வெயிலில் சோதித்துப் பார்த்தது. கறுப்புத் துணி அதிக வெப்பத்தை ஈர்த்தாலும், தளர்ந்த அங்கிக்குள் ஓடும் காற்று அந்த மிகுதி வெப்பத்தைத் தோலுக்கு வருமுன்பே அகற்றிவிடுவதால், கறுப்பு அணிந்தவரும் வெள்ளை அணிந்தவரும் பெற்ற வெப்பம் ஒன்றாகவே இருந்தது என்பது அதன் முடிவு. ஆனாலும் அபாயாவுக்குச் சமயமும் சமூக வழக்கமும்தான் முதற்காரணம். எல்லா உடையையும் வெயிலால் மட்டும் விளக்க முற்படுவது தவறு.

தலைக்கு அணியும் கும்மா என்ற தொப்பியில் வெயில், வழக்கம் ஆகிய இரண்டும் கலந்திருப்பதைக் காணலாம். அதன் பூவேலைக்கு நடுவே ஊசியால் இட்ட நுண்துளைகள் தலைக்குக் காற்றைத் தருகின்றன. அதன் கோலங்களோ ஓமன் சுல்தான்கள் 19-ஆம் நூற்றாண்டில் சான்சிபாரை ஆண்ட காலத்தின் கிழக்காப்பிரிக்க உறவை நினைவூட்டுகின்றன. விழாக்களிலும் அலுவல் நிகழ்ச்சிகளிலும் மஸ்ஸர் என்ற தலைப்பாகையைக் கட்டுவார்கள். சிறந்த மஸ்ஸர் காஷ்மீரக் கம்பளி நூலில் நெய்தது. இடையில் செருகும் வளைந்த கஞ்சர் என்ற குறுவாள் நாட்டுக் கொடியிலேயே இடம்பெற்றிருக்கிறது. பெண்களின் மரபுடை வட்டாரத்துக்கு வட்டாரம் வேறுபடும். உள்நாட்டில் பூவேலை செய்த காற்சட்டையின்மேல் பளிச்சிடும் நிறங்களில் மேலாடை. ஷர்கியா மணற்பகுதியின் பெதூவின் பெண்களில் மூத்தோர் சிலர் முகத்தில் அணியும் விறைத்த முகமூடி. தெற்கே தோஃபாரில் முன்புறம் முழங்காலளவில் நின்று பின்புறம் தரையில் புரளும் வெல்வெட் அங்கி.

அந்தத் தோஃபார், நான் இதுவரை சொன்னவை அனைத்துக்கும் விதிவிலக்கு. கேரளத்துக்கு மழை தரும் அதே தென்மேற்குப் பருவக்காற்று, ஜூன் இறுதியிலிருந்து செப்டம்பர் வரை தோஃபாரின் தலைநகரான சலாலாவின் கடற்கரையை உரசிச் செல்கிறது. அது ஆழ்கடலின் குளிர்நீரை மேலே இழுப்பதால் காற்றின் ஈரம் அடர்ந்த மூடுபனியாகி மலைச்சரிவில் தங்குகிறது. இலைகளில் படியும் அந்தப் பனித்துளிகள் சொட்டிச் சொட்டியே மலை பச்சையாகிவிடுகிறது. சலாலாவின் தெருவோரக் கடைகளில் இளநீரும் வாழைத்தாரும் தொங்குவதைக் கண்டபோது அரேபியாவில் நிற்கிறோம் என்பதை நம்புவது கடினமாக இருந்தது. மலைமுகட்டைத் தாண்டி வடக்கே இறங்கினாலோ மூடுபனி ஒரு கோடு கிழித்தாற்போல் நின்றுவிடும். மீண்டும் சரளை, மீண்டும் வறட்சி. குந்திரிக்க மரம் அந்த வறண்ட பக்கத்தில்தான் வளர்கிறது. அதன் பட்டையைக் கீறினால் வடியும் பால் இறுகிப் பிசினாகும். பண்டைய உலகின் கோயில்களில் புகைந்த நறுமணம் அது. அந்த மரங்கள் நிற்கும் வாதி தவ்கா பள்ளத்தாக்கையும் பழைய துறைமுக நகரங்களின் இடிபாடுகளையும் சேர்த்து, 2000-ஆம் ஆண்டு யுனெஸ்கோ தன் பட்டியலில் ஏற்றது.

செல்ல விரும்புவோர் வடபகுதிக்கு நவம்பர் முதல் மார்ச் வரையிலும், தோஃபாருக்கு ஆகஸ்ட் மாதத்திலும் செல்வது நல்லது. தோளும் முழங்காலும் மறையும் தளர்ந்த பருத்தி உடை மரியாதைக்கும் வெயிலுக்கும் ஒருசேரப் பொருந்தும்; பெருமசூதிக்குள் செல்லும் பெண்கள் தலைமுடியையும் மறைக்க வேண்டும். அல் ஹம்ராவின் மண்வீடுகளைப் பார்ப்பதைத் தள்ளிப்போட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். மழைக்குப் பின் மண்பூச்சைப் புதுப்பிக்க ஆள் இருக்கும்வரைதான் மண்வீடு நிற்கும். குளிரூட்டி பொருத்திய கான்கிரீட் வீடுகளுக்கு மக்கள் குடிபெயர்ந்த பிறகு, கூரை விழுந்து சுவர் கரைந்துவரும் வீடுகள் அங்கே பல இருக்கின்றன. மிஸ்ஃபாத் அல் அப்ரியீனில் ஊர்க்காரர்களே சில பழைய வீடுகளைச் சீர்செய்து விருந்தினர் விடுதிகளாக நடத்துகிறார்கள். அங்கே தங்கினால், தடித்த சுவர் பகலில் வெப்பத்தைத் தடுப்பதையும் பொழுது சாய்ந்தபின் அதை மெல்ல வெளிவிடுவதையும் உடலாலேயே உணர்ந்து பார்க்கலாம்.